ஓடும் பாதியைத் தாங்கும் சுவர்: பாலத்தை இரு பாதியாக இடித்துக் கட்டும்போது தற்காலிக மண் தடுப்பு அமைக்கும் முறை

காவிரிப் பாசனப் பகுதியின் நெடுஞ்சாலைகளில் ஆறுகளையும் வாய்க்கால்களையும் கடக்கும் பழைய குறுகலான பாலங்களை இடித்துவிட்டு அகலமான பாலங்களைக் கட்டும் வேலை பல இடங்களில் நடக்கிறது. ஊருக்கு நடுவே இருக்கும் பாலம் என்றால் இருபுறமும் வீடுகளும் கடைகளும் நெருக்கிக்கொண்டு நிற்கும். மாற்றுச்சாலை போட இடம் இருக்காது. அப்போது பாலத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் போக்குவரத்தை ஓடவிட்டு, மறு பாதியை இடித்துக் கட்டிவிட்டு, பிறகு போக்குவரத்தைப் புதிய பாதிக்கு மாற்றி, எஞ்சியதை இடித்துக் கட்டுவார்கள். பேருந்தும் நெல் லாரியும் ஓடும் பாதிக்கு ஒட்டியே, புதிய அபட்மென்ட்டின், அதாவது பாலத்தின் முனையைத் தாங்கிச் சாலை மண்ணையும் பிடித்து நிற்கும் சுவரின், அடித்தளத்துக்காக மூன்று நான்கு மீட்டர் ஆழத்துக்குத் தோண்ட வேண்டியிருக்கும். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் சாலையைத் தாங்கி நிற்கப்போகும் தற்காலிகச் சுவரைப் பற்றியதே இந்தக் கட்டுரை. முதன்முறையாக இப்படியொரு தளத்தில் பொறுப்பேற்கும் இளநிலைப் பொறியாளர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

பெரும்பாலான திட்டங்களில் புதிய பாலத்தின் வரைபடம் முழுமையாகத் தயாரான பிறகே இந்தச் சுவரைப் பற்றிய பேச்சு எழுகிறது. அந்த வரிசை தலைகீழானது என்பது என் உறுதியான கருத்து. பாலத்தை எந்தக் கோட்டில் பிரிப்பது, வேலையை எந்த மாதத்தில் தொடங்குவது, அடித்தளத்தின் விளிம்பு எங்கே நிற்க வேண்டும் என்பவை எல்லாம் இந்தச் சுவரைப் பொறுத்தவை. ஆகவே இதை முதலில் வரைந்து பார்த்துவிட வேண்டும்.

முதலில்: சுவர் தேவைதானா?

ஒரு குறுக்குவெட்டுப் படத்தை அளவுப்படி வரையுங்கள். புதிய அடித்தளத்துக்கான பள்ளத்தின் அடிமட்டத்திலிருந்து, வேலை செய்யத் தேவையான இடத்தையும் விட்டுவிட்டு, ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மீட்டர் என்ற சாய்வில் ஓடும் பாதியை நோக்கி ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு போக்குவரத்துத் தடத்தின் ஓரத்துக்கு வெளியிலேயே சாலை மட்டத்தைத் தொட்டால், சாய்வாக வெட்டியே வேலையை முடித்துவிடலாம். தடத்துக்குள் புகுந்தால் சுவர் வேண்டும். 3.5 மீட்டர் ஆழப் பள்ளத்துக்கு இந்தச் சாய்வு மட்டுமே 5.25 மீட்டர் அகலத்தை விழுங்கும் என்பதால், இரு தடப் பாலத்தைப் பாதியாகப் பிரிக்கும் எந்த இடத்திலும் விடை பெரும்பாலும் முன்பே தெரிந்துவிடும்.

இருந்தாலும் ஒரு மாற்றை மனமறிந்து ஒதுக்கிவிட்டே மேலே செல்ல வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் இல்லாத மாதங்களில், பக்கத்தில் பத்து மீட்டர் இடம் கிடைத்தாலும் போதும், படுகையில் ஹியூம் குழாய்கள் எனப்படும் கான்கிரீட் குழாய்களைப் போட்டு மேலே கிராவல் கொட்டி ஒரு மாற்றுச்சாலை அமைத்துவிடலாம். அது பாதி பாதியாகக் கட்டுவதைவிட விரைவானது, தொழிலாளர்களுக்கும் பயணிகளுக்கும் பாதுகாப்பானது. பழைய பாலம் செங்கல் வளைவுப் பாலமாக இருந்தால் இந்த மாற்றை இன்னும் அழுத்தமாகக் கேட்க வேண்டும். வளைவை நீளவாக்கில் அறுத்தால், அதன்மேல் உள்ள மண்நிரப்பைப் பக்கவாட்டில் தாங்கிய சுவர் ஒரு பக்கம் இல்லாமல் போகும். தனி ஆய்வு இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

பிரிப்புக் கோட்டை எங்கே போடுவது?

பாலத்தின் மையக் கோட்டிலேயே பிரித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் பழைய இரு தடப் பாலத்தின் ஓடுதளம் 7.5 மீட்டர் என்றால், அதன் பாதி 3.75 மீட்டர். அதற்குள் ஒரு பேருந்து போகும் தடமும், தடுப்புக்கட்டையின் அகலமும், தடுப்புக்கட்டைக்கும் சுவருக்கும் இடையிலான இடைவெளியும் அடங்க வேண்டும். அடங்காது. ஆகவே பிரிப்புக் கோடு மையத்திலிருந்து நகர வேண்டும். புதிய பாலம் அகலமானது என்பதால் அப்படி நகர்த்த இடமும் பெரும்பாலும் இருக்கும். முதல் கட்டத்தில் கட்டும் பாதி, இரண்டாம் கட்டத்தில் மொத்தப் போக்குவரத்தையும் தாங்கும் அளவுக்கு அகலமாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

கோட்டின் மறுபக்கத்தில் என்னென்ன நிற்கும் என்பதையும் கூட்டிப் பாருங்கள். சுவரின் தடிமன், அது பள்ளத்தை நோக்கிச் சாயப்போகும் அளவு, புதிய அபட்மென்ட்டின் பக்கவாட்டுப் பலகை அடைப்பு, அதைப் பிடித்துக் கட்டும் ஆள் நிற்க இடம், முதல் பாதியிலிருந்து இரண்டாம் பாதிக்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய கம்பிகள் ஆகிய எல்லாம் அந்த ஒடுங்கிய இடத்துக்குள் வரவேண்டும். நீட்டுக் கம்பிக்கு இடமில்லை என்று கடைசியில் கண்டுபிடித்தால் கம்பியை வளைத்து மடக்குவார்கள். தடித்த கம்பியை வளைத்து மீண்டும் நிமிர்த்துவது ஒப்புக்கொள்ளக்கூடிய வேலை அன்று. அந்த இடத்தில் திருகு இணைப்பான்களை வரைபடத்திலேயே காட்டிவிடுவது நல்லது.

பழைய ஓடுதளத்தின் எஞ்சும் பாதி தானாக நிற்குமா என்பதும் இந்தக் கட்டத்துக் கேள்வி. உத்திரங்களுள்ள பாலத்தில் எத்தனை உத்திரங்கள் எஞ்சுகின்றன என்று பார்த்து, இரண்டு உத்திரங்களுக்கு நடுவே அறுக்க வேண்டும். ஸ்லாப் பாலமாக இருந்தால் இன்னொன்று கவனிக்கத்தக்கது: பல பழைய கல் அல்லது செங்கல் அபட்மென்ட்டுகளை மேலே உள்ள ஸ்லாப்தான் எதிரெதிரே முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும். ஸ்லாபை எடுத்த கணமே அந்த அபட்மென்ட் தன் எடையை மட்டும் நம்பி நிற்கும் சுவராக மாறிவிடும். அதனால் அதன் பின்னால் இருக்கும் மண்ணை ஓரளவு இறக்கிவிட்ட பிறகே ஸ்லாபில் கை வைக்க வேண்டும்.

மண், தண்ணீர், நாட்காட்டி

ஒவ்வொரு அபட்மென்ட்டிலும் குறைந்தது ஒரு மண் ஆய்வுத் துளையாவது, சுவராக நிற்கப்போகும் இரும்புத் தகடு இறங்கும் ஆழத்தையும் தாண்டி, போட்டுப் பார்த்திருக்க வேண்டும். நிரந்தர அடித்தளத்துக்காகப் போட்ட துளைகளின் அறிக்கையில் மேல் ஐந்தாறு மீட்டரைப் பற்றி ஒரே வரியில் எழுதி முடித்திருப்பார்கள். நமக்கோ அந்த மேல் மீட்டர்கள்தாம் முக்கியம். சாலைக்கரையின் நிரப்பு மண், அதற்குக் கீழே ஆற்று வண்டலும் களியும், இடையிடையே மணல் அடுக்கு என்பதே பாசனப் பகுதியில் வழக்கமாகக் கிடைக்கும் அமைப்பு. இந்த மணல் அடுக்கு எந்த மட்டத்தில் தொடங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும்.

களிமண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வெட்டிய அன்று களி செங்குத்தாக நிற்கும், மறுநாளும் நிற்கும். தடுப்பே வேண்டாம் போலிருக்கிறதே என்று சொல்ல யாராவது வருவார்கள். நாள் போகப் போக அது தண்ணீரை உறிஞ்சி இளகும். மேலிருந்து வெடிப்பும் விடும். ஒட்டுத்திறன் 20 கிலோபாஸ்கல், எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் என்றால் அந்த வெடிப்பு கணக்குப்படி 2.2 மீட்டர் ஆழம் வரை இறங்கக்கூடும். ஒரு கோடை மழை அதை நிரப்பினால் வெடிப்பின் அடியில் 22 கிலோபாஸ்கல் நீரழுத்தம் புதிதாகச் சுவரைத் தள்ளும். களிமண் பள்ளங்கள் மழைக்கு மறுநாள் சரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அடுத்தது நாட்காட்டி. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுகிறது. வாய்க்கால் பாலங்களில் அடித்தள வேலைக்கு உகந்த காலம் பிப்ரவரி முதல் ஜூன் தொடக்கம் வரையிலான அந்த நான்கரை மாதம்தான். ஒரு பாதிக்கு ஒரு கோடை என்று இரண்டு கோடைகளைத் திட்டமிடுவதே நிதானமான வழி; ஒரே கோடையில் இரண்டு பாதியின் அடித்தளத்தையும் முடிக்க வேண்டுமென்றால் பிப்ரவரி முதல் வாரத்திலேயே தகடுகள் தளத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஜூன் 12 என்பதையும் கல்லில் வெட்டிய தேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2022 ஆம் ஆண்டு மே 24 அன்றே அணையைத் திறந்தார்கள். பள்ளம் திறந்த நிலையில் தண்ணீர் வந்துவிட்டால் என்ன செய்வது என்பது திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நீர்வளத்துறையின் உள்ளூர் அலுவலகத்தோடு முன்கூட்டியே பேசி, திறப்புச் செய்தி யாரிடமிருந்து யாருக்கு வரும் என்று பெயரோடு முடிவு செய்துகொள்ளுங்கள்.

கணக்கு: எண்கள் சொல்வது

சுவரை வடிவமைப்பது அனுபவமுள்ள பொறியாளரின் வேலை. ஆனால் தளத்தில் நிற்பவருக்கும் சுமைகளின் அளவு கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதைத் தளர்த்தலாம், எதைத் தளர்த்தக் கூடாது என்று தெரியாது. 3.5 மீட்டர் உயரத்துக்கு மணல் கலந்த மண்ணைத் தாங்கும் சுவரை எடுத்துக்கொள்வோம். உராய்வுக் கோணம் 30 பாகை என்றால் பக்கவாட்டு அழுத்தக் கெழு மூன்றில் ஒன்று. எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் என்று வைத்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் மண் மட்டும் தள்ளும் விசை ஏறத்தாழ 37 கிலோநியூட்டன்.

இதன்மேல் போக்குவரத்து. அபட்மென்ட்டுக்கும், அதன் ஓரத்திலிருந்து சாலையோடு நீளும் ரிட்டர்ன் வாலுக்கும் வாகனச் சுமையை 1.2 மீட்டர் மண் உயரமாகக் கொள்ளும் வழக்கம், பாலங்களின் சுமைகளுக்கான இந்திய விதிநூலான ஐ.ஆர்.சி. 6 இல் நெடுநாளாக இருந்துவருகிறது. அதே அளவைத் தற்காலிகச் சுவருக்கும் வைத்தால் மேலும் 25 கிலோநியூட்டன் சேரும். மொத்தம் 62.

இப்போது சுவருக்குப் பின்னால் தண்ணீர் சாலை மட்டம் வரை ஏறிவிட்டது என்று கொள்ளுங்கள். மண்ணின் எடை மிதப்பினால் குறைந்து அதன் பங்கு 20 அளவுக்கு இறங்கும். ஆனால் தண்ணீர் மட்டும் தனியாக 61 கிலோநியூட்டன் தள்ளும். போக்குவரத்தையும் சேர்த்தால் 107 அளவுக்கு வருகிறது. மண்ணும் லாரியும் சேர்ந்து தள்ளுவதைக் காட்டிலும் இது முக்கால் மடங்கு கூடுதல். சுவரில் வடிதுளை இருக்கிறதா, சாலை ஓர மழைநீர் சுவருக்குப் பின்னால் இறங்காமல் திருப்பிவிடப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்க்கச் சொல்வதன் காரணம் இந்த எண்களில் இருக்கிறது.

உயரத்தைப் பற்றியும் ஒரு எண். மேலே எந்தப் பிடிப்பும் இல்லாமல், மண்ணில் ஊன்றிய வலிமையால் மட்டும் நிற்கும் சுவரில், வளைவுத் திருப்புவிசை, அதாவது சுவரை வளைத்து முறிக்கப் பார்க்கும் விளைவு, உயரத்தின் மூன்றாம் அடுக்கில் கூடும். மேல்முனை சாயும் அளவு ஏறத்தாழ ஐந்தாம் அடுக்கில் கூடும். 3 மீட்டர் பள்ளம் 4 மீட்டர் ஆனால் முன்னது 2.4 மடங்கு, பின்னது 4 மடங்குக்கு மேல். கொஞ்சம் கூடுதலாகத் தோண்டிவிட்டோம் என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால் அது சாதாரணமில்லை. இதனால்தான் ஐரோப்பிய விதியான யூரோகோட் 7, இப்படிப்பட்ட சுவருக்குத் தாங்கும் உயரத்தில் பத்தில் ஒரு பங்கை, அரை மீட்டர் உச்சவரம்போடு, தவறுதலான மிகைத்தோண்டலுக்கென்று முன்கூட்டியே கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. அந்த வழக்கத்தை நாமும் பின்பற்றுவது நல்லது.

மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் ஊன்றுவது என்பதற்கு ஒரு முதல் மதிப்பீடு உண்டு: எஸ்.பி.டி. எண் (துளைக்குள் சம்மட்டியால் அடித்து மண்ணின் இறுக்கத்தை அளக்கும் சோதனையின் எண்) 11 முதல் 30 வரை உள்ள மணலில் தாங்கும் உயரத்தைப் போல் ஒன்றேகால் மடங்கு, 5 முதல் 10 வரை உள்ள தளர்ந்த மணலில் ஒன்றரை மடங்கு. 3.5 மீட்டர் உயரத்துக்கு முன்னதில் ஏறத்தாழ 8 மீட்டர் நீளத் தகடு வேண்டும் என்று ஆகிறது. தகட்டுக்கு விலை கேட்கவும் கிரேனைத் தேர்ந்தெடுக்கவும் இந்த மதிப்பீடு உதவும். இறுதி நீளத்தை முழுக் கணக்குதான் முடிவு செய்ய வேண்டும்.

இனி, பலரும் தவறவிடும் ஒன்று. இந்தச் சுவர் இரண்டு முறை வேலை செய்கிறது. முதல் கட்டத்தில் பழைய சாலையின் மண்ணை ஒரு பக்கத்திலிருந்து தாங்கும். இரண்டாம் கட்டத்தில் பள்ளம் மறுபக்கம் வந்துவிடும், அதே சுவர் புதிய பாதியின் பின்நிரப்பை எதிர்ப்பக்கத்திலிருந்து தாங்கும். சுமையின் திசை மாறிவிடுகிறது. அது மட்டுமல்லாமல், புதிய பாலம் வெள்ள மட்டத்துக்காக உயர்த்திக் கட்டப்படுவதால், இரண்டாம் கட்டத்தில் தாங்க வேண்டிய உயரமும் கூடியிருக்கும். 3.5 மீட்டர் என்பது 4.3 ஆனால் வளைவுத் திருப்புவிசை 1.85 மடங்காகும். ஆகவே தகட்டின் கனத்தையும் நீளத்தையும் பெரும்பாலும் இரண்டாம் கட்டம்தான் தீர்மானிக்கும். முதல் கட்டத்துக்கு மட்டும் கணக்குப் போட்ட வரைபடம் உங்கள் கைக்கு வந்தால், வேலையைத் தொடங்காமல் அதைத் திருப்பி அனுப்பிக் கேளுங்கள். தகட்டின் மேல்முனை இரண்டாம் கட்டத்துச் சாலை மட்டம் வரை எட்ட வேண்டும் என்பதையும், அதுவரை அந்த நீட்டம் போக்குவரத்துக்கு இடைஞ்சலாக இல்லாமல் தடுப்புக்கட்டைக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எந்த வகைச் சுவர்?

ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும் சிறுபாலப் பள்ளத்துக்குச் சவுக்குக் கம்பு அடித்து, பலகை வைத்து, மணல் மூட்டை அடுக்குவது நம் ஊரில் நெடுநாள் வழக்கம். போக்குவரத்து சற்றுத் தள்ளி இருந்தால் அது போதும். அதற்கு மேல் ஆழம் போனாலோ, லாரிச் சக்கரம் ஓரத்தை ஒட்டி ஓடினாலோ அதை நம்பக் கூடாது.

நீர்மட்டத்துக்கு மேலேயே முடியும் பள்ளத்துக்கு, ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர் இடைவெளியில் இரும்பு உத்திரங்களைச் செங்குத்தாக இறக்கி, தோண்டத் தோண்ட அவற்றின் இடையே பலகையோ கான்கிரீட் பலகமோ செருகும் முறை சிக்கனமானது. பலகை செருகும் வரை மண் சில மணி நேரமாவது தானாக நிற்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள மணல் அப்படி நிற்காது; பலகைக்கு அடியிலும் இடுக்கிலும் தண்ணீரோடு சேர்ந்து ஓடிவரும், மேலே சாலை அமிழும். அங்கே ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பூட்டிக்கொள்ளும் இரும்புத் தகடுகளான ஷீட் பைல்தான் சரியான தேர்வு. காவிரிப் படுகையில் இடம் நெருக்கமான பெரும்பாலான தளங்களுக்கு என் பரிந்துரை அதுவே. வாடகைக்கு எடுக்கலாம் என்பதால் செலவும் முதலில் அஞ்சுவது போல் இருப்பதில்லை.

மேலே பிடிப்பில்லாத சுவர் 4 மீட்டர் அளவோடு தன் எல்லையை எட்டிவிடுகிறது. அதற்கு மேல் முட்டோ இழுகம்பியோ வேண்டும். சாய்முட்டு கொடுத்தால் அது புதிய அபட்மென்ட் நிற்க வேண்டிய இடத்திலேயே வந்து ஊன்றும். இழுகம்பி போட்டால் அதன் நங்கூரக் கட்டை, சரியக்கூடிய மண் ஆப்புக்கு அப்பால், அதாவது ஓடும் தடத்துக்கு அடியில் போய் நிற்க வேண்டும், அதற்குச் சாலையை இரவில் வெட்ட வேண்டியிருக்கும். இரண்டுமே செய்யக்கூடியவைதான். ஆனால் அதற்கு முன், அடித்தள மட்டத்தை உயர்த்த முடியுமா, ஆழமாக இறக்கிய கான்கிரீட் தூண்களின் மேல் நிற்கும் பைல் அடித்தளமாக மாற்றிப் பள்ளத்தின் ஆழத்தைக் குறைக்க முடியுமா என்று பாலத்தை வடிவமைத்தவரிடம் கேட்டுப் பார்ப்பது பல நேரங்களில் வேலையை எளிதாக்கிவிடும்.

தகடுகளை இறக்குதல்

தகடு வரும் கோட்டில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஆட்களைக் கொண்டு கையால் தோண்டிப் பாருங்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயும் தொலைபேசி வடமும் சாலை ஓரத்தில் வரைபடம் காட்டும் இடத்தில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள்; 8 மீட்டர் தகட்டைக் கிரேன் தூக்கி நிமிர்த்தும்போது அதன் முனை எவ்வளவு உயரம் போகும் என்று கணக்கிட்டு, மின்வாரியத்திடம் மின்னிணைப்பைத் துண்டிக்கும் நேரத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதல் தகடு எப்படி நிற்கிறதோ அப்படித்தான் வரிசை முழுவதும் நிற்கும். இரண்டு உத்திரங்களைத் தரையில் இணையாக வைத்து வழிகாட்டிச் சட்டம் அமைத்து, அதற்குள் முதல் தகட்டை நிறுத்தி, இரு திசையிலும் தூக்குக்குண்டு வைத்துச் சரிபார்த்த பிறகே, தகட்டை அதிரவைத்து இறக்கும் வைப்ரோ ஹாமரை ஓட்ட வேண்டும். ஒவ்வொரு தகடாக முழு ஆழத்துக்கும் இறக்கிக்கொண்டே போனால் வரிசை சாயும். ஆறேழு தகடுகளைச் சேர்த்துப் பூட்டி நிறுத்திவிட்டு, அவற்றை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது மேல். திடீரென்று இறங்க மறுத்தால் கீழே பழைய கட்டுமானமோ பாறாங்கல்லோ இருக்கிறது என்று பொருள். விடாமல் அதிரவிட்டால் பூட்டு பிய்ந்துபோகும். அது மண்ணுக்குள் நடப்பதால் தோண்டும்போதுதான், அந்த இடுக்கில் மணல் கொட்டத் தொடங்கும்போதுதான் தெரியவரும். எனவே தகட்டை உருவி எடுத்து, தடையை அகற்றிவிட்டு மீண்டும் இறக்க வேண்டும்.

எல்லாத் தளங்களிலும் பலவீனமான இடம் ஒன்று உண்டு. நீளவாக்கில் வரும் தகட்டுச் சுவர் பழைய அபட்மென்ட்டைச் சந்திக்கும் மூலைதான் அது. பழைய அடித்தளம் சுவரைத் தாண்டி அரை மீட்டரோ ஒரு மீட்டரோ நீட்டிக்கொண்டிருக்கும். தகடு அதற்குள் இறங்காது. ஆகவே அங்கே ஒரு சந்து விழும். வரைபடத்தில் அந்தச் சந்து தெரியவே தெரியாது. தளத்திலோ சாலை மண் அந்த வழியாகத்தான் முதலில் உதிரும். தகட்டின் கோட்டில் பழைய அடித்தளத்தை முன்கூட்டியே அறுத்துவிடலாம். முடியாவிட்டால் கடைசித் தகட்டிலிருந்து அபட்மென்ட் வரை இரும்புத் தகடு பொருத்தி, பின்னால் கான்கிரீட் ஊற்றி அடைத்துவிட வேண்டும். எப்படிச் செய்வது என்பதைத் தோண்டுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். அதிர்வு தொடங்கும் முன், பக்கத்து வீடுகளிலும் எஞ்சும் பழைய பாதியிலும் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களைப் படம் எடுத்து, வீட்டுக்காரர்களிடம் காட்டிக் கையொப்பம் வாங்கிக்கொள்வதும் அவசியம்.

தோண்டுதல்

ஹிட்டாச்சி வந்துவிட்டால் ஒரே நாளில் அடிமட்டத்துக்குப் போய்விட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் வரும். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். ஒரு மீட்டர் அளவுக்குத் தோண்டி, சுவரின் மேல்முனை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளந்து, கணக்கில் சொன்னதோடு ஒப்பிட்டு, பொருந்தினால் மட்டுமே அடுத்த மீட்டருக்குப் போக வேண்டும். முட்டுள்ள சுவரென்றால், முட்டு வரும் மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே வந்தவுடன் நிறுத்தி, தகடுகளின் குறுக்கே வரும் கிடை உத்திரத்தையும், அதைத் தாங்கும் முட்டையும் பொருத்தி, தகட்டுக்கும் உத்திரத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஆப்போ கான்கிரீட்டோ கொண்டு இறுக்கிய பிறகே மேலும் தோண்டலாம்.

முட்டும் கிடை உத்திரமும் சேரும் இணைப்பைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம். சிங்கப்பூரில் 2004 ஏப்ரல் 20 அன்று, சுரங்க ரயில் பாதைக்காக ஏறத்தாழ 30 மீட்டர் ஆழம் தோண்டப்பட்டிருந்த பள்ளம் சரிந்து, அதையொட்டியிருந்த நிக்கல் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் இடிந்தது. நான்கு பேர் இறந்தனர். மண்ணின் வலிமையைக் கணக்கீட்டு முறை மிகைப்படுத்திக் காட்டியதும், அந்த இணைப்புகள் தேவையான வலிமையோடு வடிவமைக்கப்படாததும் விசாரணையில் முதன்மையான காரணங்களாக வெளிவந்தன. அளவுமானிகள் காட்டிய எச்சரிக்கைக்குத் தக்க நடவடிக்கையும் எடுக்கப்படவில்லை. நம்முடையது அதில் பத்தில் ஒரு பங்கு ஆழம்தான் என்றாலும், உத்திரத்தின் முட்டு படும் இடத்தில் வலுவூட்டும் தகடுகள் வரைபடப்படி பற்றவைக்கப்பட்டிருக்கின்றனவா என்று நேரில் நின்று பார்க்க அந்தச் செய்தியே போதுமான காரணம்.

பொதுப்பணி ஒப்பந்தங்களில் இணைக்கப்படும் பாதுகாப்பு விதிகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். 1.2 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தில் 30 மீட்டர் நீளத்துக்கு ஓர் ஏணியாவது இருக்க வேண்டும். தோண்டிய மண்ணை ஓரத்திலிருந்து ஒன்றரை மீட்டர், அல்லது ஆழத்தில் பாதி, இவற்றில் எது கூடுதலோ அந்தத் தொலைவுக்கு அப்பால்தான் கொட்ட வேண்டும். அடியைக் குடைந்து மேலே உள்ளதைச் சரியவிடும் முறை எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. நெருக்கமான தளத்தில் ஒன்றிரண்டு ஏணிகளைக் கூடுதலாகவே வையுங்கள். ஓட வேண்டிய நேரத்தில் 30 மீட்டர் என்பது நெடுந்தொலைவு. கான்கிரீட் லாரி எங்கே நிற்கும் என்பதும் வரைபடத்தில் இருக்க வேண்டும். 6 கன மீட்டர் கான்கிரீட் மட்டுமே 14 டன்னுக்கு மேல். வண்டியோடு சேர்ந்து 25 டன்னைத் தாண்டும். அது சுவரின் ஓரத்தில் பின்சக்கரத்தை வைத்து நிற்பது, போய்க்கொண்டே இருக்கும் பேருந்தைக் காட்டிலும் கடுமையான சுமை.

பள்ளத்தின் அடியில் தண்ணீர் ஊறினால், ஒரு மூலையில் குழி எடுத்து மோட்டார் வைத்து இறைப்பார்கள். இறைக்கும் தண்ணீரை ஒரு வெள்ளை வாளியில் பிடித்து ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். அடியில் மணல் தங்கினால் சுவருக்குப் பின்னாலிருந்தோ கீழிருந்தோ மண் வந்துகொண்டிருக்கிறது. பள்ளத்தின் தரையில் சின்னச் சின்ன வாய்களாகத் திறந்து மணல் பொங்கினால், தகடு ஊன்றிய ஆழம் தண்ணீரின் விசைக்குப் போதவில்லை என்று பொருள். அப்போது இன்னும் பெரிய மோட்டார் போடுவது நிலைமையை மோசமாக்கும். இறைப்பதை நிறுத்தி, பொங்கும் இடத்தில் மணல் மூட்டையும் ஜல்லியும் போட்டு அழுத்தி, தேவையானால் பள்ளத்தில் தண்ணீரை ஏறவிட வேண்டும். அணை திறந்து தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதும் இதுவே வழி: கரை உடைந்து ஒரே மூச்சில் பாய்வதற்கு முன், ஆட்களையும் இயந்திரத்தையும் ஏற்றிவிட்டு, நாமே மெதுவாகத் தண்ணீரை உள்ளே விட்டு இருபுறமும் சமப்படுத்திவிட்டால் சுவர் பிழைக்கும்.

அளப்பதும், அளந்ததற்குச் செவிசாய்ப்பதும்

சுவரின் மேல்முனையில் மூன்று மீட்டருக்கு ஒரு குறி வைத்து, தோண்டும் நாள்களில் காலையும் மாலையும், மற்ற நாள்களில் ஒருமுறையும், மழைக்குப் பின் உடனேயும் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியில் அளக்க வேண்டும். எந்த அளவில் எச்சரிக்கை, எந்த அளவில் வேலை நிறுத்தம் என்ற இரண்டு எண்களை வடிவமைப்பாளரிடம் முன்பே எழுதி வாங்கி, தள அலுவலகச் சுவரில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டிவையுங்கள். வேலையை நிறுத்தும் அதிகாரம் தளத்தில் நிற்பவருக்கே இருக்க வேண்டும். மேலிடத்தைத் தொலைபேசியில் தேடிக்கொண்டிருக்க அப்போது நேரமிருக்காது.

கருவிக்கு முன்பே கண்ணுக்குத் தெரியும் அடையாளம், தார்ச்சாலையில் சுவருக்கு இணையாக விழும் விரிசல். காலையில் மேஸ்திரி வந்து, “சார், தார்ல நூல் மாதிரி ஒரு கோடு ஓடுது, நேத்து சாயங்காலம் இல்ல, வந்து பாருங்க” என்றால், கையில் உள்ள வேலையைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். விரிசலின் இரு பக்கமும் ஆணி அடித்து இடைவெளியை அளந்து, தேதியும் நேரமும் எழுதி, மழைநீர் இறங்காமல் தார் ஊற்றி மூடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் அளவெடுங்கள். விரிந்துகொண்டே போனால் தோண்டுவதை நிறுத்தி, போக்குவரத்தை அந்தத் தடத்திலிருந்து விலக்கி, பள்ளத்தின் உட்புறம் சுவரின் அடியில் மண்ணையோ மணல் மூட்டையையோ திரும்பக் கொட்டி மேடாக்குங்கள். சுவரை அடியில் தாங்கும் அந்த எடைதான் அதை நிறுத்தும். இதற்காக ஒரு லாரி மண்ணும் இருநூறு மணல் மூட்டைகளும் தளத்தில் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். யாராவது அவற்றை வேறு வேலைக்கு எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

பாதி மாற்றமும், தகட்டைப் பிடுங்குவதும்

முதல் பாதியின் அபட்மென்ட் உயர்ந்ததும், பின்னால் வடியக்கூடிய மணல்கலவையை மெல்லிய அடுக்குகளாகப் போட்டு இறுக்க வேண்டும். தகட்டை ஒட்டிய அரை மீட்டருக்குள் பெரிய ரோலர் வரக் கூடாது. அங்கே கைரோலரும் தட்டு அதிர்வியும்தான். தகட்டின் பள்ளங்களுக்குள் மண் இறுகாமல் விட்டால், பின்னால் தகட்டை எடுக்கும்போது சாலை அங்கே உட்காரும். முட்டு இருந்தால், நிரப்பு அதன் மட்டத்தை நெருங்கிய பிறகே அதைக் கழற்ற வேண்டும். போக்குவரத்தைப் புதிய பாதிக்கு மாற்றிய முதல் சில நாள்களில், சுவர் எதிர்த்திசையில் சாயத் தொடங்குகிறதா என்று புதிதாக அளவுகளைத் தொடங்கிப் பதிவு செய்யுங்கள். பழைய அளவுகளின் தொடர்ச்சியாக எழுதினால் குழப்பம் வரும்.

இரண்டாம் பாதியும் நிரம்பிய பிறகு, வாடகைத் தகடுகளைத் திருப்பிக் கொடுக்கும் நெருக்கடி இருக்கும். மணலில் அவற்றை அதிரவிட்டு உருவலாம். உருவிய வெற்றிடத்தில் உடனுக்குடன் மணலைத் தண்ணீரோடு விட்டு நிரப்ப வேண்டும். களிமண்ணில் தகடு வெளியே வரும்போது களியையும் அப்பிக்கொண்டு வரும். அந்த இடம் நிரம்பாமல், சில மாதங்களில் புதிய சாலையில் நீளவாக்கில் ஒரு தாழ்வு தோன்றும். அங்கேயும், புதிய அடித்தளத்தை ஒட்டிய இடத்திலும், தகட்டை மண்ணிலேயே விட்டுவிட்டு, சாலை மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் கீழே அறுத்துவிடுவதே சரி. அதற்கான இரும்பின் விலையை ஒப்பந்தப் புள்ளி கொடுக்கும்போதே சேர்த்துவிட்டால், கடைசி வாரத்தில் இந்த முடிவைப் பணம் எடுக்காது.

மண்ணுக்குள் விடப்பட்ட தகடுகளின் இடம், நீளம், அறுத்த மட்டம் ஆகியவற்றை, கட்டிமுடித்த நிலையின் வரைபடத்தில் பாலத்தின் நிரந்தர அளவுக்கல்லிலிருந்து அளந்து குறித்து, நெடுஞ்சாலைத் துறையின் கோட்ட அலுவலகத்திலும் குடிநீர் வாரிய அலுவலகத்திலும் ஒவ்வொரு படி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.